எட்டுப் பீரியட், ஐந்து தொப்பி

பிளாட் பெண்ட் ஊரில் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகள் மூன்று காரியம் செய்தாக வேண்டும். பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டும், சர்ச்சில் உறுதிபூசுதல் வாங்க வேண்டும், அறுபது வயது வரை என்ன வேலை பார்க்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்குக் கொஞ்சம் அவகாசம் தருவார்கள்.

மூன்றாவதற்குப் பிப்ரவரியின் கடைசி வியாழக்கிழமை கெடு. அன்றைக்குப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் கையெழுத்து விழா. முன்பெல்லாம் கல்லூரி ஃபுட்பால் அணிக்குத் தேர்வான பையன்கள் மட்டும்தான் அந்த மேசை முன்னால் உட்காருவார்கள். கல்லூரியின் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அம்மா அழுவாள், அப்பா போட்டோ எடுப்பார். பந்தைத் தொடாத பிள்ளைகளுக்கும் தலை இருக்கிறதே என்று யாருக்கோ தோன்றிவிட்டது. மூன்று வருஷமாக எட்டாம் வகுப்பு மொத்தமும் அந்த மேசைக்கு வருகிறது. உடல்நலம், உற்பத்தி, விவசாயம், கல்வி, வணிகம் என்று ஐந்து பாதை. பாதைக்கு ஒரு தொப்பி. வணிகத்துக்கு என்ன தொப்பி என்று மூன்று கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் போடும் உச்சியில்லாத தொப்பியை வாங்கினார்கள்.

தொப்பியைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டால், உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருஷத்துக்கு எந்தெந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அந்தப் பாதைப்படி முடிவாகிவிடும்.

மேரன் செட்லாக்குக்கு வேண்டியது இரண்டே வகுப்பு. மூன்றாவது பீரியடில் உயர்கணக்கு, ஆறாவது பீரியடில் வெல்டிங். நேரம் முட்டவில்லை, நடுவில் சாப்பாடே இருந்தது. ஆனால் உயர்கணக்கு உடல்நலப் பாதையில் இருந்தது, வெல்டிங் உற்பத்திப் பாதையில். மனிதர்களைத் தொடப்போகிறவர்களுக்குத்தான் கணக்கு வேண்டும், இரும்பைத் தொடப்போகிறவர்களுக்கு விரல்விட்டு எண்ணினால் போதும் என்று பாதை போட்டவர்கள் நினைத்திருக்கலாம்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பள்ளி ஆலோசகர் கெவின் பெல்ஸ்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது மிட்டாய்த் தட்டை முன்னால் தள்ளுவார்.

"வேலைப் பொருத்தம் பாக்கற சர்வேல உனக்கு என்ன வந்திருக்குன்னு பாத்தியாம்மா?"

"பல் சுத்தம் பண்ற வேலை, சார்."

"தொண்ணூத்தி நாலு சதவீதம்! இப்படி ஒரு பொருத்தத்த நான் பாத்ததே இல்ல."

"சின்னச் சின்னக் கருவி வெச்சு வேலை செய்யப் பிடிக்குமான்னு கேட்டுச்சு, பிடிக்கும்னேன். எதிர்ல இருக்கறவங்க பேசாம இருந்தா பிடிக்குமான்னு கேட்டுச்சு, ரொம்பப் பிடிக்கும்னேன். அவ்ளோதான் சார்."

"அதான்மா பல் ஆஸ்பத்திரி."

"எனக்கு அந்தப் பெரிய மேத்ஸும் வேணும், வெல்டிங்கும் வேணும்."

பெல்ஸ்டர் மிட்டாய்த் தட்டைத் தள்ளினார். "ரெண்டையும் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவ?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு ஒரு பாதை இல்லையேம்மா." உண்மையான வருத்தத்தோடு சொன்னார். கணினித் திரையைத் திருப்பி, பட்டியலைக் கடைசி வரை இழுத்தும் காட்டினார். இல்லைதான். "இப்போதைக்கு ஏதோ ஒண்ணுல கையெழுத்தப் போடு. பிடிக்கலேன்னா அடுத்த வருஷம் மாத்திக்கலாம்."

"மாத்த முடியாதுன்னு ஒப்பந்தத்துல கீழ பொடி எழுத்துல போட்டிருக்கே?"

"அது சும்மா போட்டிருக்கு."

"அப்ப அடிச்சிடுங்க சார்."

பெல்ஸ்டர் பேனாவைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். "அடிக்கற அதிகாரம் எனக்கு இல்லம்மா" என்றார்.

மேரன் மிட்டாய் எடுக்காமல் வெளியே வந்தாள்.

வீட்டில் அவள் அப்பா டுவேன் செட்லாக் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூட்டுறவுக் கிடங்கில் சோள லாரி ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் பன்றிப் பண்ணை, கூரை வேய்தல், டயர் கடை, சிறைச்சாலைச் சமையல், மறுபடி பன்றிப் பண்ணை. என்ன ஆகப்போகிறாய் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டபோது அவர் எழுதிக் கொடுத்தது விமானி.

"ஏ புள்ள, கையெழுத்தப் போட்டுட்டு, அங்க குடுக்கற கேக்கத் தின்னுட்டு வருவியா! அப்பறமா மாத்திக்கலாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"யாராவது எழுதிக் குடுத்தாங்களாப்பா?"

"உங்கம்மா ட்யூட்டி முடிஞ்சு வருவா, இதையெல்லாம் அவகிட்ட கேளு. நான் அப்ப வெளில போயிடறேன்." ஆனாலும் கண்ணாடியைத் தேடி எடுத்து, அந்த ஒப்பந்தக் காகிதத்தை முதல்முறையாகப் படித்தார். கடைசி வரியில் வண்டி நின்றது. "நாலு வருஷமா? நான் எந்த வேலையிலயும் நாலு வருஷம் நின்னதில்லையே. இந்த லாரியில மட்டுந்தான் அஞ்சு ஆச்சு, அதுவும் வேற எங்கயும் கூப்பிடாததால." காகிதத்தைத் திருப்பித் தந்தார். "என்ன பண்ணப்போற?"

"விழாவுக்குப் போவேன். உக்காருவேன். தொப்பி போட மாட்டேன்."

டுவேன் கழற்றிய பூட்ஸை ஓரமாக வைத்தார். "உக்காந்தா நல்லா உக்காரு" என்றார். "பாதியில எந்திரிச்சு ஓடி வந்து என் மானத்த வாங்காத."

வியாழக்கிழமை அரங்கில் சில்லி என்கிற கறிக்குழம்பும் பட்டை போட்ட சினமன் ரோலும் மணந்தன. மேசைமேல் ஐந்து தொப்பிக் குவியல், ஒரு மைக், ஒரு மடிக்கணினி. கேலரியில் ஊரே இருந்தது. ஒவ்வொரு பிள்ளையாக வந்து பெயரையும் பாதையையும் மைக்கில் சொல்லிக் கையெழுத்துப் போட, ஊர் கைதட்டியது. விவசாயத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். வணிகம் எடுத்தவன் ஒரே ஒருவன். அவனும் காது வரை சிவந்துபோய்த்தான் எடுத்தான்.

ஆங்கில அகரவரிசையில் செட்லாக் பின்னால்தான் வரும். மேரன் வந்தாள், உட்கார்ந்தாள், இரண்டு காகிதங்களை மேசையில் வைத்தாள். ஒன்றில் எட்டுப் பீரியடையும் வரிசையாக எழுதியிருந்தாள். இன்னொன்றில் நூலகத்தில் அச்சடித்த ஒரே வரி: 'மாணவர்கள் விரும்பினால் ஒவ்வொரு ஆண்டும் பாதையை மாற்றிக்கொள்ளலாம்.' கீழே ஆலோசகர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"தொப்பிய எடும்மா" என்றார் பெல்ஸ்டர், புன்னகையோடு.

"முதல்ல நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் படித்தார். புன்னகை அப்படியே இருந்தது. முகம் மட்டும் விலகிப் போயிற்று. "இதெல்லாம் இங்க எதுக்கு? அதான் மாத்திக்கலாம்னு சொன்னேனே."

"நீங்க சொன்னதத்தான் சார் எழுதியிருக்கேன்."

"எழுத்துல குடுக்க முடியாதும்மா."

"ஏன் சார்?"

"ஏன்னா மாத்த முடியாது!"

அந்தக் கடைசி மூன்று சொற்களும் ஸ்கோர் பலகைக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியிலிருந்து அவருக்கே கேட்டன. மைக்கைக் கையால் பொத்தினார். பொத்தும் நேரம் தாண்டியிருந்தது.

"கெவின்! எங்கிட்ட சும்மான்னு சொன்னியேப்பா?" என்று கேலரியிலிருந்து ஒரு குரல். அடுத்தாற்போல் ஒரு தாய்: "என் புள்ள நிறத்தப் பாத்துத்தான் தொப்பிய எடுத்தான்! பச்சை பிடிக்கும்னு விவசாயத்துல போட்டிருக்கான்! அவனுக்கு வைக்கோலே ஆகாது, தும்முவான்!"

பெல்ஸ்டர் மேசைமேல் குனிந்தார். இப்போது ரகசியக் குரல். "இங்க பாரு. உனக்கு ரெண்டு கிளாஸும் நானே போட்டுத் தர்றேன். யாருக்கும் சொல்ல வேண்டாம். அந்த உடல்நல வெள்ளைத் தொப்பிய மட்டும் போட்டுக்க, பத்திரிகைக்காரம்மா ஒரு போட்டோ எடுத்துக்கட்டும், எந்திரிச்சிடு."

மேரனின் கை வெள்ளைத் தொப்பி வரை போயிற்று. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டு வகுப்புதான். அது இதோ, ஒரு முழத் தூரத்தில். பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட நாற்பத்தேழு பேர் தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். போட்டோ வந்தா நான் ஒத்துக்கிட்டேன்னு ஆயிடும்."

"டுவேன்!" பெல்ஸ்டர் கேலரியைப் பார்த்துக் கெஞ்சினார். இருவரும் இதே பள்ளியில் ஒரே வகுப்பு. "நீயாவது வந்து சொல்லுடா."

டுவேன் படி இறங்கி வந்தார், சாவகாசமாக. "டேய் கெவின், ஒன்பதாவதுல நீ என்ன எழுதிக் குடுத்த?"

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"சொல்றா."

"மாட்டு டாக்டர்."

"ஆனியா?"

"ரத்தத்தப் பாத்தா மயக்கம் வரும்னு எனக்கு அப்பத் தெரியாதுடா!"

கை எப்போதோ மைக்கிலிருந்து நழுவியிருந்தது. கேலரி சிரித்து அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அவளும் அதத்தான் சொல்றா" என்றார் டுவேன். "இன்னும் தெரியாதுங்கறா."

பெல்ஸ்டர் நெற்றியைத் துடைத்தார். "கையெழுத்து இல்லேன்னா கம்ப்யூட்டரே காலி சீட்ல தூக்கிப் போட்டுடும்மா. இப்பக் காலியா இருக்கறது வணிகம் மட்டும்தான்."

மேரன் உச்சியில்லாத தொப்பிக் குவியலைப் பார்த்தாள். நாற்காலியை மேசைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போடட்டும் சார். நான் நாளைக்கும் வந்து இதே நாற்காலியில உக்காருவேன். புது வகுப்பு திறக்கற ஆகஸ்ட் வரைக்கும் எனக்கு வேற ஜோலி இல்ல."

அவளுக்குப் பின்னால் இன்னும் பதினாறு பேர் நின்றார்கள். நடுவில் யாரோ கேக்கை வெட்டிவிட்டார்கள். பெல்ஸ்டர் எட்டுப் பீரியட் காகிதத்தை இழுத்தார், மூன்றுக்கும் ஆறுக்கும் பக்கத்தில் 'சரி' என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

"போதுமா? எந்திரி."

"தேதி போடல சார்."

தேதியும் போட்டார். மேரன் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். ஒரே வரி அச்சடித்த காகிதத்தை மேசையிலேயே விட்டாள்.

"இத எடுத்துக்க" என்றார் பெல்ஸ்டர்.

"அது இங்க இருக்கணும் சார். மத்தவங்க கேப்பாங்க."

கேலரியிலிருந்து அப்பா அம்மாக்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் வந்தவள் தும்மல்காரனின் தாய். ஒரு கையில் மகன், இன்னொரு கையில் பச்சைத் தொப்பி. மேரன் எழுந்து, அவள் உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.