வாசலில் வெட்டிய பள்ளம்

கடப்பாறையைப் பள்ளத்தின் கரையில் ஊன்றிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குள் பார்த்தார். கூடத்துக் கட்டிலில் தம்பி கிடந்தான். காலையில்தான் உயிர் போனது. எடுத்துப்போக வேண்டிய வண்டி மழையில் தெருமுனையிலேயே நின்றுவிட்டதாம்.

வாசல் சிமெண்டையெல்லாம் பெயர்த்துவிட்டுத் தம்பி வெட்டிய பள்ளம் இது. ஜல்லி, மணல், மேலே கல்வாழையும் கோரையும். கூரைத் தண்ணீர் இதில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும் என்பான். தெருப்பக்கம் மட்டும் தன் வீட்டுப் படியைவிட உயரமாகக் கரை போட்ட புத்திசாலி. வாசலில் எவனாவது குட்டை வெட்டுவானா என்று கேட்டதோடு பெரியவர் இந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இப்போது பள்ளம் நிரம்பித் தண்ணீர் படியேறிக்கொண்டிருந்தது. கரையை ஓரிடத்தில் உடைத்தால் தெருவுக்கு ஓடிவிடும். தெருவுக்கு என்றால், எதிரே தாழ்வாக இருக்கும் வெல்டர் வீட்டுக்கு.

வெல்டர் தன் வாசலில் நின்று கடப்பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் மாமா." தம்பி மனைவி நிலைப்படிக்கு வந்திருந்தாள். "அவங்க வீட்டுக்குள்ள பூந்துரும். முன்னெல்லாம் மழை பெஞ்சா பிள்ளைய மேசை மேல வச்சுக்கிட்டு நிப்பாங்க. அதுக்குத்தான் இவரு இதை வெட்டினதே."

"உள்ள உன் புருஷன் கெடக்கான்மா."

"தெரியும்."

"இந்தக் குட்டைய நம்பாதடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டானா?"

"யாரு பேச்சைக் கேட்டாரு? உங்க தம்பிதானே."

பெரியவர் கடப்பாறையை ஓங்கினார்.

"இனிமே அவருக்கு நனைஞ்சா என்ன மாமா." அவள் குரல் ஏறவில்லை. "அந்தப் பிள்ளை நனையக்கூடாது."

கடப்பாறை அந்தரத்தில் நின்றது. பிறகு சேற்றில் விழுந்தது.

"ஏம்பா வெல்டர், வேடிக்கை பார்த்தது போதும். செங்கல் இருந்தா கொண்டா. கட்டிலை உசத்தணும்."

வெல்டர் செங்கற்களோடு ஓடிவந்தான். அவன் ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிப் பிடிக்க, பெரியவர் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல்லைச் சொருகினார்.

"மெதுவா. ஆடப்போகுது. செத்தும் கனம் குறையல பாரு இவனுக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி, தரை முழுக்கப் பரவியது. துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்கள். வெல்டர் ஒருமுறை திரும்பித் தன் வீட்டுப் படியைப் பார்த்தான். அது இன்னும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

கட்டிலிலிருந்து தொங்கிய போர்வை நுனி தண்ணீரில் கிடந்தது. பெரியவர் குனிந்து எடுத்துப் பிழிந்து, தம்பியின் காலடியில் சொருகினார். அது நழுவி மறுபடி விழுந்தது. இன்னொரு முறை பிழிந்தார். இம்முறை சொருகவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.