நிமிடத்துக்கு இருபது குமிழ்

வீட்டுத் தொட்டியில் இருந்த அந்த ஊதாப் பவளத்துக்கு மீன்தொட்டிக் கடைக்காரர் ஒரு நல்ல சைக்கிளின் விலையைத் தருவதாகச் சொன்னார். எந்த விலையையும் பாதியிலிருந்து பேசத் தொடங்கும் பூட்டுக்கடைக்காரர், வாயே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். நகத்துணுக்கு அளவில் வந்ததை மூன்று வருடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்தவள் அவர் மனைவி. அதை விற்பதற்குப் பதில் அவர் தன் கண்ணில் ஒன்றை விற்றுவிடலாம்.

பவளம் வளர வளர அதன் பசியும் வளர்ந்தது. அதனால் போன மாதம் கால்சியம் ரியாக்டர் ஒன்றை வாங்கி மாட்டினாள். முழங்கை உயரத்தில் ஒரு குழாய். உள்ளே செத்த பவளத்தின் நொறுக்கல். பக்கத்துச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாக உள்ளே போகும். தண்ணீர் புளித்து, நொறுக்கலைக் கரைத்து, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் இறங்கும். உயிருள்ள பவளம் அதை உறிஞ்சி எலும்பு கட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு இருபது குமிழ் என்று வால்வைத் திருகி வைத்தவள், "இது மேல கை வச்சீங்க, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பினாள்.

அவர் கை வைக்கவில்லை, ஒரு வாரம்.

பிறகு ஒரு காலை, அவள் போன பின், சும்மா எண்ணிப் பார்த்தார். பதினெட்டு. அளவில் குறைக்கிற ஆளை அவர் ஜென்மத்தில் மன்னித்ததில்லை. பாவம், வாயில்லா ஜீவன், வந்து கேட்கவா போகிறது? இருபதாக்கினார், மேலே நாலு கொசுறு. மறுநாள் பார்த்தால் பதினாறு. இன்னும் தாராளமாகத் திருகினார். மூன்றாம் வாரம் பவளத்தின் பதினொரு நுனிகள் வெளுத்துவிட்டன.

மனைவி நோட்டைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். தண்ணீரின் காரத்தன்மை, தினம் இரண்டு வேளை.

"காலையில ஏழு, சாயங்காலம் பத்து. இப்படி ஏறி இறங்கினா எதுதான் பொழைக்கும்? பகல்ல இந்த வால்வு தானா திறந்துக்குது. புதுசு மாத்தியும் அதே கதைதான். நானும் தினம் வந்து குறைச்சு வைக்கிறேன்."

"நீ குறைக்கிறியா?"

"பின்ன?" நோட்டை மூடினாள். "ஞாயித்துக்கிழமை என் தோழி வந்து எடுத்துட்டுப் போறா. அவ தொட்டியிலயாவது இருக்கட்டும். எனக்குக் கைராசி இல்லைங்க."

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பவளம் போகும்.

"வால்வு தானா திறக்கல," என்றார். "நான்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ராத்திரியில அது தானா இறங்குதுன்னு நினைச்சேன். காலையில குறைச்சலா ஓடும். மனசு கேக்கல, கொஞ்சம் கூடுதலா..."

"ஒரு ஆணி சேர்த்துக் கேட்டா கடைய விட்டே துரத்துற மனுஷன், கல்லுக்குக் கொசுறு போட்டிருக்கீங்க."

"கல்லுங்காத. உசிரு அது," என்றார், நிஜமாகவே புண்பட்டு.

கோபப்படத்தான் வாயெடுத்தாள்; சிரிப்பு முந்திக்கொண்டது. "நீங்க கூட்ட, நான் குறைக்க, நல்லா இருந்ததுக்கு ரெண்டு பேருமா சேர்ந்து காய்ச்சல் வர வச்சிருக்கோம்."

தோழிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். குமிழை மறுபடி எண்ணி நிறுத்தி, திருகின் மேல் நகச்சாயத்தை ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டாள். "இது உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான்." எண்ணவும் எழுதவும் மட்டும் அவருக்கு அனுமதி கிடைத்தது.

நோட்டில் பத்தாம் நாளின் பக்கம் அவர் கையெழுத்தில் இருக்கிறது: காலை எட்டு, மாலை எட்டு. குமிழ் இருபது. வெளுத்த நுனி பதினொன்று. நிறம் திரும்பியது ஏழு. பாக்கி நான்கு.