கண்ணாடி அலமாரி பெல்ட்டுகள்

விடியுமுன்பே பட்டறை வாசலில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் தொடங்கிவிடும். ஏசியின் வடிகட்டிகளைச் சுவரோரம் சாத்தி, அடை அடையாய் அப்பிய தூசியைத் தேய்க்க வேண்டும். தூசி அடைத்த மிஷினுக்கு மூச்சு முட்டும். கரண்ட்டை மட்டும் குடம் குடமாய்க் குடிக்கும். மெக்கானிக் தேய்த்த தேய்ப்பில் பிரஷ் முடி உதிர்ந்தது. கோபம் தூசி மேலா? முதலாளி மேல்.

மெக்கானிக்கின் தங்கை புருஷன், அதே பட்டறை ஆள், ஆஸ்பத்திரியில் இடுப்பு நொறுங்கிக் கிடந்தான். ஏசியின் வெளி மிஷினைக் கழுவ மாடி விளிம்பில் இறங்கி விழுந்தவன். அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவன் இறங்குவான், ஒருவன் உள்ளே கயிறு பிடிப்பான். "சும்மா நிக்கிறவனுக்குச் சம்பளமா?" என்று கயிறு பிடிப்பவனை முதலாளி நிறுத்திவிட்டார்.

உயரத்தில் மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டுகள் இல்லாமல் இல்லை. ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. தினமும் காலையில் எல்லோரும் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டி ஒரு போட்டோ. அது வாடிக்கையாளர்களுக்குப் போகும். எடுத்த கையோடு கழற்றி வைத்துவிட வேண்டும். அழுக்காகிவிடுமாம்.

இப்போது முதலாளி ஊரெல்லாம் சொல்வது: "குடிச்சிட்டு இறங்குனான், விழுந்தான்." அந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் வைத்தியச் செலவு முழுக்கத் தங்கை தலையில். மச்சானோ டீயைக்கூட அரை டம்ளருக்கு மேல் தொடாதவன்.

அன்று முதலாளி வீட்டு ஏசியே குளிராமல் போனது. கூட வேலை பார்க்கும் வாயாடி காதில் சொன்னான்:

"அண்ணே, ஏசி காஸைத் திறந்து விட்டுட்டு வந்துரு. ஆளு வேகட்டும்."

"மிஷின் என்னடா பண்ணுச்சு? வேகவேண்டியவன் வேற."

முதலாளி வீடு ஒன்பதாம் மாடி. மூடியைக் கழற்றினால் வடிகட்டியில் தூசி கம்பளி போல் கிடந்தது. ஊருக்கெல்லாம் பராமரிப்பு விற்கிறவன் வீடு! மெக்கானிக் பாகங்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினான்.

"வெளி மிஷினையும் கழுவணும். பெல்ட்டு?" என்றான், பின்னால் நின்ற முதலாளியிடம்.

"இத்தனை வருஷமா பெல்ட்டோடயா இறங்குன?"

"கயிறு பிடிக்க ஆளு?"

"விளையாடுறியா? ஒரு எட்டுதானய்யா."

மெக்கானிக் ஜன்னலை அகலத் திறந்தான். அனல் முகத்தில் அறைந்தது.

"அப்ப நீங்க வைங்க மொதலாளி, அந்த ஒரு எட்டு."

"என்னது?"

"நீங்கதான் குடிக்கலையே. வைங்க."

முதலாளி கீழே பார்த்தார். இரண்டு கையும் ஜன்னல் சட்டத்தைக் கவ்விக்கொண்டன. மெக்கானிக் அந்தக் கைகளை ஆசை தீரப் பார்த்தான்.

"குடிக்காமலே நடுங்குதே?"

"வெளிய போடா! இனி உனக்கு வேலை இல்ல!"

"போறேன். அவன் குடிக்கலன்னு உங்க வாயால ஆஸ்பத்திரியில வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தக் கழட்டுன ஏசியை மாட்ட ஒருத்தன் வரமாட்டான்."

மறுநாள் காலை போட்டோ எடுத்தாயிற்று. வேலை போன மெக்கானிக்கும் வரிசையில் நின்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் பெல்ட்டைக் கழற்றவில்லை.

இரவெல்லாம் புழுங்கிக் கண் சிவந்து வந்த முதலாளி கத்தினார். "கழட்டுங்கடா! எல்லாரையும் தூக்கிடுவேன்!"

"தூக்குங்க மொதலாளி," என்றான் வாயாடி. "பெல்ட்டு மாட்டியிருக்கோம், விழ மாட்டோம்."

வரிசை குலுங்கிச் சிரித்தது. ஆபீசுக்குள் வாடிக்கையாளர் போன் அடித்தது. ஓய்ந்து மறுபடி அடித்தது. ஊர் வேகத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முதலாளி வாய் திறக்கும்வரை யாரும் எடுப்பதாய் இல்லை. அலமாரியில் மிஞ்சிய ஒரே பெல்ட், மச்சானுடையது, மெக்கானிக்கின் தோளுக்கு வந்திருந்தது. அவன் தன் பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டு வெயிலைப் பார்த்தான்.

ஏறட்டும். இன்னும் ஏறட்டும்.