ஒன்பது பத்து

அண்ணனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஒயரைச் சொருக இடம் தேடிக்கொண்டிருந்த விஸ்வநாத்தை ஆனந்தகுமார் பால்கனிக்கு அழைத்தார். மாலை போட்ட கையோடு வேலை சொல்கிற மனிதர். அண்ணன் உமாசங்கர் பதினாறு வருடம் உழைத்த ஆடிட் ஆபீஸின் முதலாளி. விஸ்வநாத்துக்கும் அங்கேதான் பயிற்சி.

"உங்கண்ணன் நேத்தே ரிப்போர்ட்டுக்கு ஓகே சொல்லிட்டான்ப்பா. ஆன்லைன்ல அவன் பேர்ல ஏத்தணும், அவ்ளோதான். அவன் போனுக்கு ஓடிபி வரும். அதை மட்டும் சொல்லு."

பச்சைப் பொய். நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அண்ணன் சொன்னது விஸ்வநாத்தின் காதிலேயே இருந்தது. "டெபாசிட் இருக்குன்னு பேங்க்லேர்ந்து நேரா எனக்கு வர வேண்டிய லெட்டர் விசு. மூணையும் கம்பெனிக்காரனே கொண்டாந்து குடுக்கறான். பேங்க்ல விசாரிச்சா அப்படி ஒரு டெபாசிட்டே இல்லைங்கறாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்." நாலு நாளாக ஆபீஸில் அவரை வறுத்தெடுத்தார்கள். இன்று காலை ஒன்பது பத்துக்கு ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"சார், அண்ணன் மாட்டேன்னு..."

"இன்னிக்குக் கடைசி நாள். உன் ட்ரெயினிங் பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. உங்க அண்ணிக்கு வர வேண்டிய பணமும் என் கையெழுத்துலதான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. நீயே யோசி."

யோசிக்க என்ன இருக்கிறது? பால்கனி முழுக்கப் புறாவுக்காகக் கட்டிய வலை. உள்ளே போகிற வழியை ஆனந்தகுமார் அடைத்துக்கொண்டு நின்றார்.

கேட்டதும் அண்ணி பகவதி அண்ணனின் போனை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "யாருக்குச் சொல்லணும் விசு? பாத்துச் சொல்லு. அவர் நம்பர்லேர்ந்து போனா பயந்துடுவாங்க."

அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. பதினொன்று இருபதுக்குப் போன் அதிர்ந்தது. ஆறு எண்களையும் வாசித்தான். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வண்டி கிளம்பும்போது ஆனந்தகுமார் காதோரம் வந்தார். "சுடுகாட்டுல உயிர் போன டைம் கேட்டா மத்தியானம் ரெண்டு மணின்னு சொல்லிடு. பதினொண்ணு இருபதுக்கு ஏத்தினதோட ஒத்துப்போகணும்ல."

விஸ்வநாத் தலையாட்டினான்.

மௌலா அலி சுடுகாட்டில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. பதிவுக்காக ஈர வேட்டியோடு குமாஸ்தாவின் மேஜை முன்னால் நின்றான். டாக்டர் கொடுத்த சீட்டில் நேரம் விட்டுப்போயிருந்தது.

"டைம் எந்த?" என்று தெலுங்கில் நேரம் கேட்டார் குமாஸ்தா, தலை நிமிராமல்.

ஆனந்தகுமாரின் கை அவன் தோளில் இருந்தது.

"நைன் டென். மார்னிங்."

கை இறுகியது. குமாஸ்தாவின் பேனா சரியாக எழுதவில்லை. ஓரத்தில் இரண்டு கோடு கிறுக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் அழுத்தி எழுதுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, விஸ்வநாத் அதையே தெலுங்கிலும் சொன்னான். அவர் எழுதி முடித்ததும் கார்பன் தாளைத் தூக்கி, அடிப் பிரதியிலும் நேரம் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.