ரப்பர் கேள்வி

சவரிமுத்துவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அரூர் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். காற்றடிக்கிற பம்பை எவனாவது இரவல் கேட்டால், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். மகன் இனிகோ ஓசூரில் இருந்து போன் பண்ணினால், "என்ன வேணும், சொல்லு" என்றுதான் எடுப்பார். அவனும் இப்போதெல்லாம் பண்ணுவதில்லை. பெண்சாதி மதலேனம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு கடையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆள் என்பதால்தான் காவியா அவரைத் தேடி வந்தாள். பக்கத்துத் தெருப் பெண், பிளஸ் டூ. அரையாண்டில் கெமிஸ்ட்ரி மட்டும் போய்விட்டது. ஒரு மார்க் கேள்விப் புத்தகத்தில் இருந்து விடைகள் இருந்த தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

"எங்கிட்ட இருந்தா பாத்துடுவேன் தாத்தா. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

"நீ அழுதாலும் தர மாட்டேன்."

மடித்து சொல்யூஷன் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

மூன்றாவதோடு நின்ற படிப்புதான். ஆனால் நம்பரும் அ, ஆ, இ, ஈயும் தெரியும், அது போதும். சாயங்காலம் அவள் பாடம் பாடமாகக் கேள்வியை வாசித்து விடை சொல்வாள். அவர் தாளைப் பார்த்து ரைட்டு, தப்பு சொல்வார். ஒன்று தப்பினாலும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். எல்லாம் சரியாக வந்தால் எழுந்து சோறாக்கப் போய்விடுவாள்.

ஆரம்பத்தில் இருட்டும்வரை தப்பினாள். அவருக்கும் பேச்சுத் துணையாக இருந்தது. பரீட்சை நெருங்க நெருங்க, டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு எழுந்தாள். அப்புறம் லாரிச் சத்தம்தான்.

ஒருநாள் புதுப் பாடத்தில் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டாள்.

"இயற்கை ரப்பரோட ஒருபடி மூலக்கூறு எது? அ, ஐசோபிரீன்."

தாளிலும் அ என்றுதான் இருந்தது.

"தப்பு" என்றார்.

"என்ன தாத்தா? சார் அப்படித்தானே சொன்னாரு."

"சாரை யாரு கண்டா? இதுல இன்னா போட்டிருக்கு, இ."

"குளோரோபிரீனா?" கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பூட்டுன பூட்டையே நாலு தடவ இழுத்துப் பாக்கற ஆளாச்சே நீங்க."

சிரித்துக்கொண்டே முதலில் இருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு இருட்டிவிட்டது. மறுநாள் அதே கேள்விக்கு இ என்றாள். ரைட்டு என்றார். வேறு என்ன சொல்வது? அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னார்.

பரீட்சையன்று காலையில் பஸ்ஸுக்கு நின்றவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினாள்.

"தாத்தா, கனவுலயும் குளோரோபிரீன்தான் வருது. இனி எந்தக் காலத்துலயும் மறக்காது."

பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. சவரிமுத்து தாளை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினார்.

"பாப்பா, அது அ தான்."

"எது?"

"ரப்பரு. நீ மொதல்ல சொன்னதுதான் சரி. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

"ஏன்?"

"வூட்டுக்குப் போயிடுவியேன்னு."

"பெருசு, ஏறறியா, இல்ல வழிய வுடறியா?" என்றார் கண்டக்டர்.

அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். ஏறிப் படியில் நின்று கேட்டாள்.

"இன்னும் எதையெல்லாம் மாத்துனீங்க?"

"வேற எதுவுமில்ல பாப்பா."

"எப்படி நம்பறது?"

பஸ் கிளம்பியது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

மத்தியானம் பஸ் வருகிற நேரத்துக்கு டீக்கடையில் இரண்டு டீ சொல்லி வாங்கி வைத்தார். காவியா இறங்கினாள். ரோட்டைக் கடக்கவில்லை. அங்கிருந்தே சொன்னாள்.

"வந்துச்சு. அ போட்டேன்."

சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து இரண்டு டீயையும் அவரே குடித்தார்.