பதினோரு வரைவுகளும் ஒரு வாரண்டியும்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாக இருந்திருக்க வேண்டியது. என்ன பொருள், எப்போது வாங்கியது, என்ன கோளாறு, என்ன செய்து தர வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். அந்த அரைப் பக்கத்தை எழுத முடியாத ஒருவன் அதைப் பற்றி ஒரு முழுக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறான் என்றால், வாசகரே, நீங்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

விஷயம் சிறியது. என் அக்காவின் லேப்டாப் வாரண்டி முடிந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனது. அது தன் கடைசி வெளிச்சத்தை

[விட்டுவிட்டேன். "இறந்துபோனது" என்று எழுதியதுமே கைக்கு ஒப்பாரி வந்துவிட்டது. லேப்டாப் கெட்டுப்போனது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.]

2

முதலில் அக்காவை ஒரு கதாபாத்திரமாக மாற்றப் பார்த்தேன். ஒரு தொடக்கத்தில் அவளைக் கணவனை இழந்தவளாக்கினேன். மாமா அப்போது அடுத்த அறையில் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருந்தார், மனசு கேட்கவில்லை. இன்னொன்றில் அவளை அப்பாவியாக்கினேன். அக்கா அப்பாவி இல்லை. வாங்கிய எல்லாவற்றுக்கும் பில் வைத்திருப்பவள், பெட்டிக்குள் வரும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூடப் படிப்பவள். அப்படிப்பட்டவள் ஏமாந்தாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் ஏமாந்தது ஒரே ஓர் இடத்தில். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.*

அவளுடைய வேலை, காதால் கேட்பது. ஒரு கல்லூரியின் பாடக் காணொளிகளைக் கேட்டு, காது கேளாத மாணவர்கள் படிப்பதற்காகப் பேச்சை அப்படியே எழுத்தாக அடித்துக் கொடுக்கிறாள். ஆசிரியர் இருமினால் "இருமல்" என்று அடைப்புக்குறிக்குள் போடுவாள். வாரத்துக்கு ஆறு பாடம். இரண்டு வாரம் தொடர்ந்து தவறினால் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும். இப்போது ஒரு வாரம் போய்விட்டது. நூலகத்தில் பொதுக் கணினி முன்னால் இரண்டு இரண்டு மணி நேரமாக உட்கார்ந்து இந்த வாரத்தை இழுத்துப் பிடித்திருக்கிறாள்.

* இப்படிச் சொல்லிவிட்டு வராமல் போகும் வழக்கம் எனக்கு உண்டு. இந்தத் தடவை வருகிறேன்.

3

கோளாறு ஒரே நாளில் வந்ததல்ல. வாரண்டி முடிய ஐந்து வாரம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. மூடியை ஒரு சாண் அளவு திறந்தால் திரை தெரியும். அதற்கு மேல் திறந்தால் இருட்டு. அக்கா அந்த ஒரு சாணுக்குள் தலையைக் கவிழ்த்து, கிணற்றை எட்டிப் பார்ப்பவள் மாதிரி வேலை பார்த்தாள். கழுத்தில் பெல்ட் போடும் நிலைமை.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிச் சொல்லி அழைப்பைத் துண்டித்தது. அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"போன்ல பேசுறதெல்லாம் நாளைக்கு நிக்காதுடா. எழுத்துல இருக்கணும். நீதான் எழுதுறவனாச்சே, கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுடு. வாரண்டிக்குள்ள போயிடணும்."

சரி என்றேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. என் எழுத்தை எங்கள் வீட்டில் யாராவது உபயோகமான காரியத்துக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

4 (இதை 3-லேயே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.)

அவள் லேப்டாப்பிலேயே எழுதுகிறேன் என்றேன். அனுபவித்து எழுத வேண்டும் இல்லையா. ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு சாணுக்குள் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

முதல் வரைவு: "ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனத்தின் லேப்டாப்பின் திரை..." இதைப் பள்ளிப் பையன்கூட எழுதுவான் என்று நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது: "வாங்கும்போது சிரித்த முகங்களை எல்லாம் நான் நினைத்துப் பார்க்கிறேன்..." கல்யாண வீட்டு வாசனை அடித்தது.

ஐந்தாவது: "வாரண்டி என்றால் என்ன? ஒரு வருஷம் உழைக்கும் என்ற வாக்குறுதியா, அதற்கு மேல் உழைக்காது என்ற எச்சரிக்கையா?" இந்த வரி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகாமல் ஒரு வாரம் சுற்றி வந்தேன்.

எட்டாவதை லேப்டாப்பே பேசுவது போல எழுதினேன். அதைப் பற்றி மேற்கொண்டு கேட்காதீர்கள்.

நடுவில் அக்கா கேட்டாள், மெயில் போயிடுச்சா என்று. போட்டாச்சுக்கா என்றேன். அன்று சாயங்காலம் எப்படியும் முடித்து அனுப்பிவிடுவேன் என்ற நினைப்பில்தான் அப்படிச் சொன்னேன். அன்று சாயங்காலம் பதினோராவது தொடக்கம் எழுதினேன். வாரண்டி முடிய நான்கு நாள் இருந்தது. பிறகு யாரோ ஒரு சிறுகதை கேட்டார்கள், அதில் இறங்கிவிட்டேன்.

எதுவும் அனுப்பவில்லை. அக்கா ஏமாந்த இடம் இதுதான். ஏமாற்றியது கம்பெனி இல்லை.

[இல்லை, கம்பெனியும்தான். இதில்தான் எனக்குக் குழப்பமே. என் தப்பைச் சொன்னால் கம்பெனியின் தப்பு சின்னதாகிவிடுகிறது. கம்பெனியின் தப்பைச் சொன்னால் என் தப்பு ஒளிந்துகொள்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்கப் பார்த்தேன், ஒன்றை ஒன்று தள்ளிவிடுகின்றன.]

5

ஒன்பதாம் நாள் மொத்தமும் இருட்டு. சர்வீஸ் சென்டரில் பில்லின் தேதியைப் பார்த்தார்கள், சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தார்கள். லேப்டாப்பை யாரும் பார்க்கவில்லை. மதர்போர்டு போயிருக்கும், மாற்ற வேண்டும், புதிது வாங்கும் விலையில் பாதி ஆகும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். வாரண்டி முடிஞ்சு போச்சுங்க என்பதை ஏதோ இழவுச் செய்தி போலத் தணிந்த குரலில் சொன்னார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. அந்தத் தாளில் முத்திரை குத்தித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கண்ணில் எப்போதும் லென்ஸ் மாட்டியிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் லென்ஸ்காரர். மூடியைக் கழற்றி, கீல் வழியாகத் திரைக்குப் போகும் கேபிளைக் காட்டினார். பட்டையான சின்னக் கேபிள். அது இருக்க வேண்டிய நீளத்தில் இல்லை. மூடியைத் திறக்கும்போதெல்லாம் இழுபட்டு இழுபட்டு உரிந்து, கடைசியில் உள்ளே உரசி மதர்போர்டையும் கெடுத்திருக்கிறது.

"இது நீங்க கெடுத்ததில்ல மேடம். வரும்போதே கேபிள் குட்டை. இதே மாடல், இதே இடம், இந்த வருஷம் எனக்கு இது ஏழாவது."

அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று அக்கா கேட்டாள். மனுஷர் லென்ஸைக் கழற்றாமலே எழுதிக் கொடுத்தார். நாலே வரி, அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

6

நுகர்வோர் குறைதீர் அலுவலகம் ஒரு தபால் நிலையத்தின் மாடியில் இருக்கிறது. நீளமான அறை, ஒரே ஒரு மின்விசிறி. அதற்குக் கீழே உள்ள நாற்காலிக்கு மட்டும் போட்டி. அலுவலர் ஓர் அம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எங்கள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

இந்த இடத்தை நான் நீட்டி எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். வாசகருக்குத் தேவையானது அவர் சொன்னது மட்டும்தான்.

வாரண்டி முடிந்தால் கம்பெனியின் கை கழுவப்பட்டது என்று அர்த்தமில்லை என்றார். குறை பொருளோடு பிறந்ததென்றால், ஒன்பது நாள் தாண்டியது ஒரு பதிலே ஆகாது. ஆனால் இரண்டு விஷயம் வேண்டும். குறை உள்ளேயே இருந்தது என்று விவரம் தெரிந்தவர் எழுதியது ஒன்று. அது லென்ஸ்காரர் கொடுத்துவிட்டார். வாரண்டிக்குள்ளேயே அந்தக் குறை தலைகாட்டியது என்பதற்கு அடையாளம் இன்னொன்று.

அக்கா உடனே என்னைக் காட்டினாள்.

"என் தம்பி அப்பவே கம்பெனிக்கு எழுதிட்டான் மேடம். அவன் எழுத்தாளன்."

அலுவலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நகலை வியாழக்கிழமை கொண்டு வாருங்கள் என்றார். பிறகு, நகல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, தேதியோடு அந்த நேரத்தில் எழுதிய எதுவும் உதவும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டுகூடப் போதும் என்றார். கடைசியாகப் படிவத்தின் அடியில் விரலை வைத்தார். மேலே எழுதியது அத்தனையும் உண்மை என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று மதியம் அக்கா சொல்லச் சொல்ல நான்தான் படிவத்தை நிரப்பினேன். நான்காவது பத்தி: "வாரண்டிக் காலத்திலேயே என் தம்பி மூலமாக நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தேன், பதில் இல்லை." ஒரு வரியை ஒரே மூச்சில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் நான் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அது பொய்.

7

லென்ஸ்காரர் கடையில் விட்டிருந்த லேப்டாப்பைத் திரும்ப வாங்க நான் மட்டும் போனேன். உள்ளே உள்ளதெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் செருகிக் காட்டினார். அக்காவின் பாடங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு அடியில் "தம்பி" என்று ஒரு கோப்புறை. அக்கா அதைத் திறந்ததே இல்லை. தம்பியின் காகிதத்தில் கை வைக்கக் கூடாது என்று நினைப்பவள்.

உள்ளே பதினோரு வரைவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கணினி தானாகப் பதிந்த தேதி. அத்தனையும் வாரண்டிக்குள். லேப்டாப் பேசும் அந்த எட்டாவதில்கூட "ஒரு சாணுக்கு மேல் திறந்தால் எனக்குக் கண் தெரிவதில்லை" என்று இருக்கிறது. குறை எப்போது ஆரம்பித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எங்கே கிடைக்கும்?

ஆனால் அதே சாட்சி, அனுப்பவில்லை என்பதற்கும் சாட்சி.

லென்ஸ்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். எழுதுறவங்களா நீங்க, நல்லா இருக்கு என்றார். எட்டாவதைத்தான் படித்திருக்கிறார் போல.

8

முடிவுகள்.

(அ) தம்பி பழைய தேதி போட்டு ஒரு கடிதம் தயாரிக்கிறான். வேலை நடக்கிறது, லேப்டாப் வருகிறது, அக்கா மகிழ்கிறாள். [எழுதிப் பார்த்தேன். கடிதம் பிரமாதமாக வந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. கிழித்துவிட்டேன்.]

(ஆ) தம்பி உண்மையைச் சொல்கிறான். அக்கா சிரித்து, போடா லூசு என்கிறாள். [அக்கா சிரிக்க மாட்டாள். சத்தமும் போட மாட்டாள். தண்ணீர் குடிக்கப் போவாள். ரொம்ப நேரம் குடிப்பாள்.]

(இ) கம்பெனி தானாகவே மனம் திருந்தி

[சரி, விடுங்கள்.]

(ஈ) நான்காவது பத்தி அப்படியே போகிறது. கம்பெனியின் வக்கீல் "எங்களுக்குக் கடிதமே வரவில்லையே" என்கிறார். பொய்யான வாக்குமூலத்தின் அடியில் இருப்பது அக்காவின் கையெழுத்து. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

எந்த முடிவு சரி? கதைக்கு எது நல்லது என்று கேட்டால் எனக்குத் தெரியும். மனுஷனாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் தலை சுற்றுகிறது. நேரில் போய்ச் சொல்ல மூன்று தடவை கிளம்பினேன். மூன்று தடவையும் வாசலில் நின்று முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

9

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அக்கா. பத்திரிகைக்குப் போகும் முன் அவளிடம் போகும். ஒற்று விட்டிருந்தால் பென்சிலால் போட்டு, ஓரத்தில் "இது நம்புற மாதிரி இல்லடா" என்று எழுதித் திருப்பித் தருவாள்.

ஆகவே, இவ்வளவு நேரமும் நான் வாசகரே வாசகரே என்று கூப்பிட்டது உன்னைத்தான் அக்கா.

இதில் நம்புகிற மாதிரி இல்லாதது எதுவும் இல்லை. தும்மல் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. பென் டிரைவ் இந்த உறைக்குள் இருக்கிறது. படிவமும் இருக்கிறது, நான்காவது பத்தியை நான் அடிக்கவில்லை. அதை அடித்துவிட்டு வரைவுகளை வைத்தால் உன் பக்கம் வழக்கு நிற்கும், தம்பி யார் என்பது அந்த மாடி அறைக்குத் தெரியும், உனக்கும் தெரியும். என்னைக் காப்பாற்ற நீ எதையாவது மறைப்பாய் என்றும் பயமாக இருக்கிறது. அப்படிச் செய்யாதே. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

மன்னித்துவிடு என்று முடிக்க நினைத்தேன். அது உன்னை ஏதோ சொல்ல வைக்கும் வரி. அதனால் எழுதவில்லை.

நாளை வியாழன். பத்து மணிக்கு அந்தத் தபால் நிலைய வாசலில் நிற்பேன். நீ வருவாயா, வந்தால் கையில் எதைக் கொண்டுவருவாய், என்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அதை நான் எழுதிப் பார்க்கவில்லை.