சுழற்றிய முறையில் தவறு

மூன்றாவது திருகாணி மட்டும் அடம்பிடித்தது. சமையலறை மேசையில் பழைய நாளிதழை விரித்து, அப்பாவின் தையல் மெஷின் டப்பாவிலிருந்து எடுத்த சின்னத் திருப்புளியால் அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நான்கு மணிக்கு வண்டி வரும். அதற்குள் இந்த மீன்பிடி ரீலைத் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

யோசனை டிரைவர் மாமாவுடையது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், அப்பாவுக்கு முப்பது வருடக் கூட்டாளி. நேற்றுக் காலை கடல் தடுப்புச் சுவரில் நின்று தூண்டிலை வீசிய அப்பா, கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் மாமாதான். இன்று வந்ததும், சின்ன வயதிலிருந்து செய்வதுபோல் அவள் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ரீலை நீட்டினார்.

"நீ வாங்கிக் குடுத்தது. அவன்கூடவே போகட்டும். உப்புத் தண்ணி பட்டிருக்கு, துடைச்சுக் குடும்மா."

ரீல் செய்யும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. சேர்ந்த முதல் மாதமே இதை அப்பாவுக்கு வாங்கித் தந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் நிற்பவர்களிடமெல்லாம் என் பொண்ணு கம்பெனி, என் பொண்ணு கம்பெனி என்று தம்பட்டம் அடித்து, இன்னும் மூன்று பேரை அதே ரீலை வாங்க வைத்தார். உள்ளங்கை நீளத்துக்கு ஈயம் பொதிந்த போலிமீனைக் கட்டித் தூரமாக வீசி, வேகமாகச் சுற்றி இழுத்தால்தான் பெரிய மீன் வரும் என்பது அவர் கட்சி. ரீல் வந்த அட்டைப் பெட்டியிலும் அப்படி ஒரு போலிமீனைத்தான் படம் போட்டிருந்தார்கள்.

திருகாணி ஒருவழியாக இளகியது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே கிரீஸ். கம்பெனியில் ஒரு பட்டாணி அளவுதான் வைப்பார்கள். இது குழைத்து, அமுக்கி, இண்டு இடுக்கு விடாமல் அடைத்தது. தையல் மெஷினுக்குப் போடுகிற அதே கருப்புக் கிரீஸ். துணியால் வழித்து எடுத்தாள். அடியில் இருந்த பற்சக்கரத்தில் பல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, வெறும் ஈறு. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கரகரவென்று மண்ணை அரைக்கிற சத்தம் வந்தது.

அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா இதை அவள் காதருகே வைத்துச் சுற்றிக் காட்டுவார். பட்டு மாதிரி சுத்துது பாத்தியா என்பார். அந்தப் பட்டுக்காகத்தான் இத்தனை கிரீஸும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தண்ணீர் குடிக்க வந்த மாமா, மேசையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டியா? உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான்."

நாலாவது மாதமே சத்தம் வந்துவிட்டதாம். கம்பெனிக்கு எழுதச் சொன்னால், பெண் வேலை செய்கிற இடம், அவளுக்குத் தலைகுனிவாகிவிடும் என்று அப்பா மாட்டேன் என்றிருக்கிறார். கடைசியில் மாமா தன் பெயரில் எழுதிப் போட்டாராம். பதிலும் வந்ததாம். சொல்லிக்கொண்டே, மூலையில் இருந்த அப்பாவின் தூண்டில் பெட்டி மூடியிலிருந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

பிரிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது; கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள்தான். பரிந்துரைத்ததைவிடக் கனமான போலிமீனைப் பயன்படுத்தியதாலும், கைப்பிடியைச் சுழற்றிய முறையில் உள்ள தவறாலும் தேய்மானம் ஏற்பட்டுள்ளது. கீழே அவளுடைய கையெழுத்து. டிரைவர் மாமாவுக்கு வேறு ஒரு பெயர் இருக்கும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. முகவரியைக் கூடவா பார்க்கவில்லை? பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த மாதிரி நாற்பது கடிதம். ஒரே பதில், பெயரை மட்டும் மாற்றி மாற்றி.

சோதனை அறைக்காரர் அவளிடம் அப்போதே தேய்ந்த சக்கரம் ஒன்றைக் காட்டியிருந்தார். உலோகம் மட்டம், கனமான போலிமீனை வாரம் நாலு நாள் இழுத்தால் மூன்று மாதம் தாங்காது என்று பச்சையாகச் சொல்லியிருந்தார். அதை எழுத வேண்டாம் என்றார் மேனேஜர். அப்புறம் அந்த வாக்கியத்தை யோசித்துக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, அவள்தான். சபாஷ் என்றார் அவர். அன்று அவள் பூரித்துப் போய்த்தான் வீட்டுக்கு வந்தாள்.

"படிச்சிட்டு அப்பா என்ன சொன்னாரு மாமா?"

"பெருமைதான். எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கா பாருன்னான். அப்புறம் ரொம்ப நேரம் கையைப் பாத்துக்கிட்டே இருந்தான். அவ எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும், என் கைதான் சரியில்லன்னான்." மாமா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அப்புறம் தினமும் வெறும் ரீலைச் சுத்திப் பழகினான்மா, சின்னப் பிள்ளை ஆனா ஆவன்னா எழுதிப் பழகுற மாதிரி."

முன்னறையில் அம்மா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. போன வருஷமே மெஷினை மூடிட்டாரு. கை சரியில்ல, அடுத்தவங்க துணியைக் கெடுத்துடுவேன்னாரு.

வயதாகிவிட்டது, அதனால் தையலை விட்டுவிட்டார் என்று அவளும் நினைத்திருந்தாள். நாற்பது வருடம் தைத்த மனிதர். தெருவில் போகும்போதே அடுத்தவர் வீட்டு மெஷின் சத்தத்தைக் கேட்டு, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பாமல் இந்தத் தாளை நம்பியிருக்கிறார்.

மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கிவிட்டால் முடிந்தது கதை. யாருக்கும் தெரியப்போவதில்லை. கை சரியில்லாத மனிதராகவே அப்பா நான்கு மணிக்குப் போய்விடுவார். மணி மூன்றே முக்கால். அவள் ரீலைத் திறந்தபடியே எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மாமாவும் பின்னால் வந்தார். அதே ரீலை வாங்கிய கடல் சுவர்க் கூட்டாளிகள் மூன்று பேரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா கையில ஒரு குறையும் இல்ல," என்றாள். மறுபடி சொன்னாள். "சக்கரம்தான் மட்டம். உங்க மூணு பேரோடதும் இதேதான். கம்பெனிப் பதிலை எழுதும்போதே எனக்குத் தெரியும்."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவர் மாமா ரீலை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அறை முழுக்க அந்தக் கரகரப்பு கேட்டது. அவர் மெல்லக் குனிந்து அப்பாவின் காதருகே போனார்.

"நீ சரியாத்தான்டா சுத்தியிருக்கே," என்றார்.

வெளியே வண்டி வந்து நின்றது. மாமா ரீலை அப்பாவின் பக்கத்தில் வைக்கவில்லை; ஜன்னல் விளிம்பில் வைத்தார். கூட்டாளிகள் எழுந்தார்கள். வண்டிக் கதவைத் திறந்துவிட மாமா அவளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அவர் கிட்டே வந்தபோது, பழக்கத்தில், அந்த இரண்டு தட்டுக்காக அவள் தலை தானாகச் சற்றுக் குனிந்தது.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.